கணக்கில் வராதவள்

2022 ஜூன் மாதம் ஈரோட்டில் ஒரு வழக்கு பதிவானது. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலிலிருந்து பலமுறை கருமுட்டை எடுத்துத் தனியார் கருத்தரிப்பு மையங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெற்ற தாய், தாயோடு வாழ்ந்த ஆண், தரகு வேலை பார்த்த பெண், ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிப் போட்டுக் கொடுத்தவர் என்று நான்கு பேர் கைதானார்கள். ஈரோட்டில் தொடங்கிய விசாரணை சேலம், ஒசூர் வழியாக ஆந்திரம், கேரளம் வரை போயிற்று. ஒவ்வொரு முறையும் தாயின் கைக்கு 20,000 ரூபாய், தரகருக்கு 5,000 ரூபாய் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் கணக்கில் சிறுமிக்கென்று ஒரு வரி இல்லை.

அரசு மருத்துவக் குழுவை அமைத்து விசாரித்தது. சில மையங்கள்மீது நடவடிக்கை அறிவித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. போலி ஆதார் என்ற ஒற்றைச் சொல்லில் பொறுப்பு முழுவதும் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அட்டையில் வயது கூடியிருந்தது உண்மை. ஆனால் மயக்க மருந்து கொடுத்து மேசையில் கிடத்தப்பட்ட உடல் ஒரு சிறுமியுடையது. ஊசி போட்டவர், ஸ்கேன் எடுத்தவர், மயக்கம் கொடுத்தவர், முட்டையை எடுத்தவர் என அந்த அறைகளில் எத்தனையோ படித்தவர்கள் இருந்திருப்பார்கள். அட்டையைப் பார்த்த கண்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஒரு திரையுலகத் தம்பதி வாடகைத்தாய் மூலம் இரட்டைக் குழந்தை பெற்ற செய்தி வந்தது. அதற்கும் அரசு குழு அமைத்தது. தம்பதியிடம் விதிமீறல் இல்லை என்று குழு சொன்னது. அந்தச் செய்திக்குத் தொலைக்காட்சிகள் கொடுத்த நேரத்துக்கும், ஈரோட்டுச் சிறுமிக்குக் கொடுத்த நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அன்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். ஒன்றை ஊரே தீர்ப்புச் சொல்லும் விவகாரமாக்கினோம். மற்றொன்றை மாவட்டச் செய்தியாக முடித்தோம்.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது உலகம் கேட்ட கேள்விகள் பெரியவை. இயற்கையில் கைவைக்கலாமா, ஆய்வுக்கூடத்தில் உருவான கருவுக்கு என்ன மதிப்பு, மிஞ்சும் கருக்களை என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார்கள். அன்று கண்ணாடித் தட்டில் கருவானது தாயின் சொந்த முட்டை, தந்தையின் சொந்த விந்து. மூன்றாவது ஆள் அந்தக் கதையில் இல்லை. 1980களின் முற்பகுதியில் ஒரு பெண்ணின் முட்டையைக் கொண்டு இன்னொரு பெண் கருவுறலாம் என்று ஆனது. அன்றைக்கு மூன்றாவதாக ஒருத்தி உள்ளே வந்தாள். கேள்விகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றன. கருவைப் பற்றிப் பேசுகிறோம், குழந்தையைப் பற்றிப் பேசுகிறோம், தம்பதியின் உரிமை பற்றிப் பேசுகிறோம். முட்டை கொடுத்தவளைப் பற்றி அவள் செத்தாலோ, சிறுமியாக இருந்து மாட்டிக்கொண்டாலோ மட்டும் பேசுகிறோம். செயற்கைக் கருத்தரிப்பின் அறக் கேள்விகளில் இன்று நம் ஊருக்கு மிக அவசரமானது அவளைப் பற்றியதுதான் என்பது என் துணிபு.

அவள் உடலில் நடப்பது இது. இயற்கையில் மாதத்துக்கு ஒரு முட்டை முதிர்ந்து வெளிவரும். மையத்துக்கு ஒன்று போதாது. பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுச் சினைப்பையில் ஒரே சமயத்தில் பல முட்டைகளை முதிரவைக்கிறார்கள். ஸ்கேனில் அளவு பார்த்துக் கடைசி ஊசியைப் போட்டு, ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான பெண்கள் அன்று மாலையே வீடு திரும்புகிறார்கள். சிலருக்குச் சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டு வீங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. இரத்தம் உறைகிறது, மூச்சு முட்டுகிறது. அரிதாக உயிரே போகிறது. 2010இல் மும்பையில் 17 வயதுப் பெண் ஒருத்தியும், 2014இல் டெல்லியில் இளம் பெண் ஒருத்தியும் முட்டை எடுத்த பிறகு இறந்துபோனார்கள். கடைசி ஊசியின் வகையை மாற்றினால் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். கவனமான மருத்துவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கவனம் என்பது யாரை நோயாளியாக நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. மையத்தின் வாசலில் இரண்டு பெண்கள் நுழைகிறார்கள். ஒருத்தி குழந்தை வேண்டி வருகிறாள். அவளுக்குக் கோப்பு உண்டு, ஆலோசனை உண்டு, நள்ளிரவில் வலித்தால் அழைக்க எண் உண்டு. லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறவள் அவள். மற்றவள் முட்டை கொடுக்க வருகிறாள். அவளுடைய மருத்துவர் யார்? அதே மருத்துவர். முட்டை எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு முதல் பெண் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும், மையத்தின் வெற்றிக் கணக்கும் கூடும். ஊசியின் அளவைத் தீர்மானிக்கும் கை, அந்த வெற்றியால் பயனடையும் கையாகவும் இருக்கிறது. இறந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்கும்போது, மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர் உறுப்பு மாற்று சிகிச்சை செய்யும் குழுவில் இருக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறோம். உயிரோடு இருக்கும் பெண்ணின் சினைப்பைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த மருத்துவர்களெல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. நல்லவர்களையும் ஒரே பக்கம் சாய்க்கும்படி ஏற்பாடு அமைந்திருக்கிறது.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் தானம். கருமுட்டை தானம். தமிழில் தானம் என்ற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. உள்ளவர் இல்லாதவருக்குக் கொடுப்பது அது. கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த மரபு நம்முடையது. கருமுட்டை விஷயத்தில் இல்லாதவள் உள்ளவருக்குக் கொடுக்கிறாள், அவள் பெயர் எங்கும் இல்லை. மருத்துவர் கட்டணம் வாங்குகிறார். மயக்கவியல் நிபுணர் வாங்குகிறார். மருந்து நிறுவனம், ஆய்வுக்கூடம், முட்டை வங்கி எல்லாம் பில் போடுகின்றன. அந்தச் சங்கிலியில் தானம் செய்யக் கடமைப்பட்டவள் ஒருத்திதான். அவள் பணம் வாங்கினால் அது விற்பனை, குற்றம். மற்றவர்கள் வாங்கினால் அது சேவைக் கட்டணம்.

2021இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று வாடகைத்தாய் முறை பற்றியது, மற்றொன்று செயற்கைக் கருத்தரிப்பு மையங்களும் வங்கிகளும் பற்றியது. இரண்டும் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தன. ஈரோட்டு வழக்கு பதிவானபோது சட்டத்துக்கு வயது ஐந்து மாதம். 23 முதல் 35 வயது வரையுள்ள பெண்ணிடமிருந்து மட்டுமே முட்டை பெறலாம், வாழ்நாளில் ஒரு முறைதான் எடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, ஒருவரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கொடுக்கும் பெண்ணுக்கு 12 மாதக் காப்பீட்டைக் குழந்தை வேண்டுபவர்கள் எடுத்துத் தர வேண்டும். முட்டையை விற்பது, வாங்குவது, தரகர் வைத்து ஆள் பிடிப்பது எல்லாம் குற்றம். முதல் முறைக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம், மறுமுறை செய்தால் 3 முதல் 8 ஆண்டு வரை சிறை. எந்த வரைமுறையும் இல்லாமல் கிடந்த தொழிலுக்கு வேலி போட்ட சட்டம் இது. 2008லிருந்து வரைவு வரைவாகக் கிடந்ததை நினைத்தால் வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் ஏழு என்ற எண்ணைப் பாருங்கள். ஹார்மோன் ஊசிக்குச் சினைப்பை எப்படி மறுமொழி சொல்லும் என்பது பெண்ணுக்குப் பெண் மாறும். ஏழோடு நிறுத்து என்று உடலுக்குக் கட்டளையிட முடியாது. இளம் பெண்ணுக்குப் பத்தும் பதினைந்தும் முதிர்வது சாதாரணம். அவளைக் காப்பாற்றுவது எத்தனை முட்டையை வெளியே எடுத்தார்கள் என்பதல்ல, எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பது. சட்டம் வாசலில் நின்று முட்டையை எண்ணுகிறது. ஆபத்து அதற்கு முந்திய பன்னிரண்டு நாளில் இருக்கிறது. அந்த எண்ணிக்கையையும் எடுத்தவரேதான் எழுதுகிறார்.

காப்பீட்டிலும் இதே குறைதான். 12 மாதத்துக்குள் வரும் சிக்கலுக்கு வழி உண்டு. பிறகு? கருமுட்டை கொடுத்த பெண்களைப் பத்து, இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து அவர்கள் உடல்நலத்தைப் பதிவுசெய்த ஆய்வுகள் உலக அளவிலேயே மிகக் குறைவு. பிறந்த குழந்தைகளைப் பற்றி ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. முட்டையை எடுத்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப்போக யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

பணம் கொடுக்கக் கூடாது என்ற விதியின் பின்னால் ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது. வறுமையில் இருப்பவளுக்குப் பணத்தைக் காட்டினால் அவளுடைய சம்மதம் சம்மதமாக இருக்காது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வு, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இன்னொருவருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காடு. உறுப்பை விற்றும் கடன் தீரவில்லை. இந்த ஆய்வைப் படித்த யாரும் உடல் சந்தையைத் திறந்துவிடலாம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. உறுப்பு விற்பனையைத் தடை செய்யும் சட்டம் வந்தது 1994இல். அதற்குப் பிறகும் சென்னை வில்லிவாக்கத்தைச் சிறுநீரக விற்பனையை வைத்தே ஊர் அழைத்துக்கொண்டிருந்தது. 2025இல்கூடப் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய செய்தி வெளிவந்து, அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. தடை விற்பனையை நிறுத்தவில்லை. விற்றவரைப் புகார் சொல்ல முடியாதவராக்கியது. இரத்தத்தில் மட்டும் தடை பலித்தது. உச்ச நீதிமன்ற ஆணைப்படி 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. கல்லூரிகளும் ரசிகர் மன்றங்களும் தொழிற்சங்கங்களும் முகாம் நடத்தி அந்த இடத்தை நிரப்பின. இரத்தம் கொடுப்பது கால்மணி நேர வேலை என்பதால் அது முடிந்தது. பன்னிரண்டு நாள் ஊசியும் மயக்க மருந்தும் உள்ள ஒன்றுக்கு முகம் தெரியாதவருக்காக முகாமில் வரிசை நிற்காது. தேவை இருக்கிறது, கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள், வாங்குவது குற்றம். இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் தரகர்தான் பிறப்பார்.

தேவை ஏன் இவ்வளவு? ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம், கொஞ்சம் தள்ளித் திருச்செங்கோடு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலின் நிலம் அது. குழந்தை இல்லாத தம்பதியை ஊர்வாய் எப்படி அரிக்கும் என்பதை அந்த நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள். படிக்காதவர்களும் தங்கள் குடும்பத்தில் ஒரு அத்தையையோ சித்தியையோ நினைத்தால் போதும். வளைகாப்பில் பின்வரிசையில் நிற்கவைக்கப்பட்டவள், விசேஷ வீட்டில் “ஒண்ணும் விசேஷம் இல்லையா?” என்ற கேள்விக்குச் சிரிக்கப் பழகியவள். குறை ஆணிடம் இருந்தாலும் சொல் பெண்மேல்தான் விழும். மலடி என்ற சொல்லுக்கு நடைமுறையில் ஆண்பால் கிடையாது. அவள் நகையை விற்று, நிலத்தை அடகுவைத்து மையத்துக்கு வருகிறாள். ஒன்றிரண்டு முறை தோற்ற பிறகு “உங்க முட்டை சரியில்லைம்மா, டோனர் முட்டை போகலாம்” என்ற யோசனையைக் கேட்கிறாள். அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் இல்லை. ஆற்றின் இரு கரையிலும் இரண்டு துயரங்கள் அடுத்தடுத்த தெருவில் வாழ்கின்றன. பிள்ளை இல்லாதவளின் துயரம் ஒன்று. தறிக்கு வாங்கிய முன்பணமும் வாரக்கடனும் கழுத்தை நெரிக்கும் பெண்ணின் துயரம் மற்றொன்று. இரண்டையும் இணைத்து நடுவில் சம்பாதிப்பவர்கள் மூன்றாம் தரப்பு.

இந்த இணைப்பில் இன்னொரு விலைப்பட்டியலும் ஓடுகிறது. வாடகைத்தாய் குழந்தையைச் சுமப்பவள். அவள் நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படமாட்டார்கள். முட்டை கொடுப்பவளின் சாயல் குழந்தைக்கு வரும். மும்பையில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெய்சி டியோமாம்போ, கருமுட்டைத் தேர்வில் தோலின் நிறத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். நம் ஊர்த் திருமண விளம்பரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நோய்க்குச் சிகிச்சை என்று தொடங்கியது, சிவந்த நிறம், நல்ல உயரம், நம்ம ஆளுங்க என்று போய் முடிகிறது. கருவின் பாலினத்தைத் தேர்வுசெய்வதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. பாலினத்தில் பார்த்த அநீதியை நிறத்திலும் சாதியிலும் பார்க்க மறுப்பதற்கு என்ன காரணம் சொல்வோம்?

பிறக்கும் குழந்தையின் பக்கத்தை இங்கே விரித்துப் பேச இடமில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல், கொடையாளரின் அடையாளத்தை மறைக்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது. அந்த முட்டையிலோ விந்திலோ பிறந்த பிள்ளை 18 வயதில் விரும்பினால் தெரிந்துகொள்ளலாம். முட்டை கொடுக்கும் பெண்ணுக்கு அங்கே விலை இல்லை, நிலையான ஈட்டுத்தொகை உண்டு. 2024 அக்டோபரில் அது ஏறத்தாழ 985 பவுண்டாக உயர்த்தப்பட்டது. வெள்ளைத் தோலுக்கு ஒன்று, பட்டதாரிக்கு ஒன்று என்று மாறாது. அதை வெளிப்படையாகக் கொடுக்கிறார்கள், பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்த நாட்டின் ஏற்பாட்டை அப்படியே இங்கே நட முடியாது. அங்கே ஒரு பெண்ணுக்குக் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பது அரிது. ஆனாலும் அவள் இழந்த நாட்களுக்கும் பட்ட வலிக்கும் ஒரே தொகையை அரசே நிர்ணயித்து, அவள் வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுவது, இருட்டில் தரகர் வழியாகக் கைமாறும் பணத்தைவிட நேர்மையானது என்று நினைக்கிறேன். தயங்கித்தான் இதைச் சொல்கிறேன். சென்னை ஆய்வின் 305 பேரும் என் கண்முன் நிற்கிறார்கள். வாழ்நாளில் ஒரு முறை என்ற விதி உண்மையாகவே காக்கப்பட்டால் மட்டுமே இந்த யோசனைக்கு அர்த்தம் உண்டு. அதற்கு அட்டையின் நகல் போதாது, தேசியப் பதிவேட்டோடு விரல்ரேகையை அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம் அவளுக்கென்று தனி மருத்துவர். மையத்தோடு எந்தப் பணத் தொடர்பும் இல்லாத, அரசு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவர் ஒருவர் அவளைத் தனியாகச் சந்திக்க வேண்டும். கணவனோ தாயோ தரகரோ அருகில் இல்லாமல், அவளுடைய மொழியில், என்ன ஊசி, எவ்வளவு ஆபத்து என்று சொல்லி, வேண்டாம் என்று எழுந்து போகும் உரிமை அவளுக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை அவர் பார்க்க வேண்டும். முட்டை எடுத்த ஆறாவது மாதமும் அடுத்த ஆண்டும் அவளை அழைத்துப் பார்க்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரி என்பதை நோக்கி நடந்துகொண்டிருக்கும் தமிழ்நாட்டுக்கு இது மலையைப் புரட்டும் வேலை அல்ல. ஈரோட்டுச் சிறுமி அப்படி ஒரு அறையில் ஒரு முறை, பத்து நிமிடம், தனியாக உட்கார்ந்திருந்தால் இரண்டாவது முறை நடந்திருக்காது.

இதைப் படிப்பவர்களில் சிகிச்சைக்குப் போகும் தம்பதிகள் இருப்பீர்கள். டோனர் முட்டை என்ற பேச்சு வந்தால், அவளுடைய பெயரைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அவளுடைய நிறத்தைக் கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவளுக்கான காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் நீங்கள், சட்டம் அந்தப் பொறுப்பை உங்கள்மேல்தான் வைத்திருக்கிறது. அந்தப் பாலிசி உண்மையில் எடுக்கப்பட்டதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு தொகைக்கு என்று மையத்திடம் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.